ரிமோட் கார் ஓட்டினால் கை வலிக்கிறதா? வலிக்கும் இடத்தைப் பார்த்து ரிமோட்டைத் திருத்தும் வழி

அக்கா மகனுக்கு எட்டு வயது. பத்து நிமிடம் கார் ஓட்டினால் போதும், ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலை உதறுவான். அவனுக்காகத் திறந்த அந்த ஒரு ரிமோட்டில் தொடங்கி, கைக்குக் கிடைத்த வகைகளை எல்லாம் திறந்து மாற்றிப் பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றைத்தான். ரிமோட்டைத் தாங்கும் வேலையும் காரை ஓட்டும் வேலையும் ஒரே விரலில் விழுந்தால் அந்த விரல் வலிக்கும். இரண்டையும் பிரித்துக் கொடுத்தால் பாதி வலி அங்கேயே போய்விடும். மீதிப் பாதிதான் ஸ்பிரிங், பட்டன், எடை சமாச்சாரம்.

அதனால் ரிமோட்டைத் திறப்பதற்கு முன் கையைப் பாருங்கள். எங்கே வலிக்கிறது, எத்தனை நிமிடத்தில் வலிக்கிறது, எந்தப் பக்கம் திருப்பும்போது வலிக்கிறது என்று கவனியுங்கள். கீழே ஒவ்வொரு தொந்தரவாக எடுத்து எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

திறப்பதற்கு முன்: உங்கள் ரிமோட் எந்த வகை?

காரைத் தூக்கிச் சக்கரங்கள் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு, திருப்பும் ஸ்டிக்கை மிக மெதுவாகத் தள்ளுங்கள். ஒரு கட்டம் வரை ஒன்றும் நடக்காமல், சட்டென்று முன்சக்கரம் முழுதாகத் திரும்பினால் அது ஆன்–ஆஃப் வகை. ஸ்டிக்குக்கு அடியில் இருப்பது வெறும் சுவிட்ச்தான். நீங்கள் தள்ளத் தள்ளச் சக்கரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினால் அது அளவாகத் திரும்பும் வகை. அதற்குள் பழைய ரேடியோவின் வால்யூம் திருகில் இருப்பது போன்ற பொட்டன்ஷியோமீட்டர் இருக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் வேலையைத் தொடங்கினால் உழைப்பு வீணாகும். ஆன்–ஆஃப் ரிமோட்டில் ஸ்டிக்கை எவ்வளவு நீட்டினாலும் கார் நுணுக்கமாகத் திரும்பாது, ஏனென்றால் காருக்குப் போகும் செய்தியே 'இடது', 'வலது' என்ற இரண்டு சொல்தான். அந்த வகையில் விரல் நகரும் தூரம் குறைவாக இருப்பதுதான் சுகம். மற்ற வகையில் நேர்மாறு: தூரம் கொஞ்சம் கூடினால் கட்டுப்பாடும் கூடும்.

சரி, திறக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஸ்க்ரூ ஒன்று பேட்டரி அறைக்குள்ளோ ஸ்டிக்கருக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், அந்த ஸ்க்ரூவைத் தேடுங்கள். திறந்தவுடன், எதையும் தொடுவதற்கு முன், நேர் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துவையுங்கள். எந்த நிற ஒயர் எங்கே போகிறது, ஸ்பிரிங்கின் கால் எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்று இரவு பத்து மணிக்கு நினைவுக்கு வராது. கழற்றிய ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் போட்டு, சின்னக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மாற்றியபின் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாகச் செய்துவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று சொல்லவே முடியாது.

கட்டைவிரலின் அடிப்பாகம் வலிக்கிறது

மிக அதிகமாகக் கேட்கும் புகார் இது. இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். மூன்றையும் ரிமோட்டைத் திறக்காமலே பிரித்தறியலாம்.

ரிமோட்டை மேசை மேல் வைத்து, கையால் தாங்காமல், கட்டைவிரலால் மட்டும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வலி வரவில்லை என்றால் ஸ்பிரிங் மேல் குற்றமில்லை, பிடியில்தான் கோளாறு. பின்பக்கம் வழவழவென்று தட்டையாக இருப்பதால், நடுவிரலும் மோதிரவிரலும் பற்றிக்கொள்ள இடமில்லாமல், கட்டைவிரலே ரிமோட்டை அமுக்கித் தாங்குகிறது. பின்பக்கத்தில் விரல்கள் வளைந்து நிற்கும் இடத்தில் ஒரு மேடு கட்டுவதுதான் இதற்கு மருந்து. தடித்த ஃபோம் துண்டை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி முதலில் சோதியுங்கள். மேடு எங்கே வரவேண்டும் என்பது இரண்டு மூன்று முறை நகர்த்தி ஒட்டினால்தான் பிடிபடும். இடம் உறுதியான பிறகு எப்பாக்சி புட்டியில் (இரண்டு பாகத்தைப் பிசைந்து சேர்த்தால் கல் போல இறுகும் பசை) நிரந்தரமாகச் செய்யலாம். கையுறை போட்டுப் பிசையுங்கள். ரிமோட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் புட்டியை அமுக்கி, ஓட்டுபவரின் கையை அதில் அழுந்தப் பிடிக்கச் சொன்னால் அவர் விரல் அச்சே விழுந்துவிடும். குழந்தை என்றால் அதன் கைக்கும் கையுறை வேண்டும். இறுகியதும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பிறகு ஒட்டிக்கொள்ளலாம். கை பெரிதானதும் வேறு மேடு செய்து மாட்டவும் வசதி.

மேசை மேல் வைத்து ஓட்டியும் வலித்தால் அடுத்த கேள்வி: தள்ளத் தொடங்கும்போதே கனமா, கடைசி வரை பிடித்திருக்கும்போது கனமா?

தொடக்கத்திலேயே கனம் என்றால் ஸ்பிரிங் ஏற்கெனவே இறுக்கி மாட்டப்பட்டிருக்கிறது. ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங் பெரும்பாலும் எலிப்பொறி ஸ்பிரிங்கைப் போல இரண்டு கால் நீட்டியிருக்கும். அந்தக் கால்களின் கோணத்தைக் குறடால் கொஞ்சமாக வளைத்துத் தளர்த்தினால் தொடக்க இறுக்கம் குறையும். ஒரு தடவைக்கு ஒரு துளி மட்டும் வளையுங்கள். பிறகு ஸ்டிக்கை இரு பக்கமும் கடைசி வரை தள்ளி விட்டுவிட்டு, இருபது முறையும் நடுவுக்குத் தானாகத் திரும்புகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு முறை தவறினாலும் அதிகம் தளர்த்திவிட்டீர்கள் என்று பொருள். நடுவுக்குத் திரும்பாத ஸ்டிக் என்றால் நிற்காத கார்.

கடைசி வரை பிடித்திருக்கும்போது கனம் என்றால் ஸ்பிரிங்கின் விறைப்பே அதிகம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். சுருள் ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டிவிட்டால் இளகும் என்று தோன்றும். உண்மையில் சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். வெட்டியவுடன் தொடக்கத்தில் தளர்ந்தது போல ஏமாற்றும், ஆனால் முழுதாகத் தள்ளும்போது முன்பைவிட அதிகமாக எதிர்க்கும். இளக்கமான ஸ்பிரிங் வேண்டுமானால் மெல்லிய கம்பியில் சுற்றியதை மாட்டவேண்டும். விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருக்க, 0.5 மி.மீ. கம்பிக்குப் பதில் 0.4 மி.மீ. கம்பி போட்டால் விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத கம்பி, விரலுக்கு அவ்வளவு தெரியும்.

ஸ்பிரிங்கைத் தொடாமலும் கனத்தைக் குறைக்கலாம். ஸ்டிக்கை நீட்டினால் நெம்புகோல் கணக்குதான்: சுழலும் அச்சிலிருந்து 20 மி.மீ. உயரமுள்ள ஸ்டிக்கின் மேல் 10 மி.மீ. கூட்டினால், தேவைப்படும் விசை மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். விரல் நகரும் தூரம் ஒன்றரை மடங்காகும். அளவாகத் திரும்பும் வகைக்கு இது இரட்டை லாபம். ஆன்–ஆஃப் வகையில் 5 மி.மீ.க்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. ஸ்டிக் மிகவும் உயர்ந்துவிட்டால் கட்டைவிரல் மட்டும் போதாது. ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்க வேண்டிவரும். சிலருக்கு அதுவே பிடித்திருக்கிறது, ஆனால் அப்போது ரிமோட்டைத் தாங்க விரல் குறையும் என்பதை மறக்கவேண்டாம்.

ஸ்டிக் இல்லாமல் பட்டன் மட்டும் உள்ள ரிமோட் என்றால், உள்ளே இருப்பது இரண்டில் ஒன்று. அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வந்தால் அது டேக்ட் சுவிட்ச். பெரும்பாலும் 6 மி.மீ.க்கு 6 மி.மீ. சதுரம், நான்கு கால். இதே அளவில் 100, 160, 260 கிராம் விசையில் அழுந்தும் சுவிட்ச்கள் கிடைக்கின்றன. 260 போட்டிருந்த இடத்தில் 160 அல்லது 100 போடுவது, இந்தக் கட்டுரையில் உள்ள மாற்றங்களிலேயே உழைப்பு குறைந்ததும் பலன் கூடியதும் ஆகும். உயரம் மட்டும் பழையதும் புதியதும் ஒன்றாக இருக்கவேண்டும். இந்தச் சுவிட்ச் அழுந்தும் தூரமே சுமார் 0.25 மி.மீ.தான். அரை மில்லிமீட்டர் உயரம் கூடினால்கூட மூடியை மூடியதும் பட்டன் அழுந்தியபடியே நின்றுவிடலாம்.

அழுத்தினால் மெத்தென்று சத்தமில்லாமல் இறங்கினால் அது ரப்பர் குமிழ். அடியில் கார்பன் பூசிய வட்டம், சர்க்யூட் போர்டில் கார்பன் தடம். குமிழின் சுவரைப் பிளேடால் சீவி மெல்லிசாக்கும் யோசனை வரும். வேண்டாம், சில வாரங்களில் கிழியும். அதற்குப் பதில் பட்டனின் தலையை அகலப்படுத்துங்கள். அழுத்தும் விசை அதேதான், ஆனால் விரல் நுனியில் ஒரு புள்ளியில் குத்தாமல் பரவிவிழும். நடுவில் லேசாகக் குழிந்த தலை இன்னும் நல்லது, விரல் நழுவாமல் உட்காரும்.

விரல் எட்டவில்லை

குழந்தைக் கைக்குப் பெரியவர் ரிமோட், அல்லது நீளமான கைக்குக் குட்டி ரிமோட். முதலாவதுதான் சிக்கல்.

துப்பாக்கி போலப் பிடித்து ட்ரிக்கரை இழுத்து ஓட்டும் துப்பாக்கிப் பிடி ரிமோட்டில் ட்ரிக்கர் எட்டாவிட்டால் குழந்தை மணிக்கட்டைத் திருகி எட்டப்பார்க்கும். பத்து நிமிடத்தில் முன்கை வலிக்கும். விரலால் இழுக்கும் முகத்தின் மேல் எதையும் ஒட்டாதீர்கள், எட்டவேண்டிய தூரம் இன்னும் கூடிவிடும்.

பிடியே தடிமன் என்றால் உடனே சீவாதீர்கள், உள்ளே பேட்டரி இருக்கலாம். சில ரிமோட்களில் பிடிக்குள் இருப்பது வெறும் காற்று. விளக்கு வெளிச்சத்தில் திறந்து பார்த்தபிறகே முடிவு செய்யுங்கள்.

பெரிய கைக்குக் குட்டி ரிமோட் என்பது எளிது. இருபுறமும் கொம்பு போலப் பிடிகள் சேர்த்து அகலப்படுத்தினால் மணிக்கட்டு உள்பக்கம் மடங்காமல் நேராக நிற்கும். இதற்கு நான் விரும்புவது வெந்நீரில் இளகும் பாலிகாப்ரோலாக்டோன் பிளாஸ்டிக் மணிகள். சுமார் 60 டிகிரி செல்சியஸில் கண்ணாடி போலத் தெளிந்து மாவாகும், ஆறினால் வெண்மையாகி இறுகும். பிடிக்கவில்லையா, மறுபடி வெந்நீரில் போட்டு வேறு வடிவம் செய்யலாம். வெந்நீரிலிருந்து எடுத்தவுடன் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். முடிந்த ரிமோட்டை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டாலும் பிடி இளகி வடிவம் மாறிவிடலாம்.

சிறிது நேரத்தில் மணிக்கட்டு சோர்ந்து ரிமோட் ஒரு பக்கம் சாய்கிறது

ரிமோட்டை ஒரு விரலின் மேல் நிறுத்திப் பாருங்கள். சாயாமல் நிற்கும் புள்ளிதான் அதன் எடை மையம். அது உங்கள் உள்ளங்கைக்கு மேல் விழாமல் முன்னே தள்ளி விழுந்தால், அதைச் சமப்படுத்த மணிக்கட்டு முழு நேரமும் உழைக்கிறது.

பொம்மை ரிமோட்டில் எடை என்றால் பேட்டரிதான். ஏஏ அளவு ஆல்கலைன் செல் ஒன்று சுமார் 23 கிராம், நான்கு போட்டால் 90 கிராமுக்கு மேல். ஏஏஏ அளவு செல் அதில் பாதி எடைதான். இரண்டும் 1.5 வோல்ட் என்பதால், ஏஏஏவை ஏஏ இடத்தில் பொருத்தும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் போட்டாலே எடை கணிசமாகக் குறையும். செல் சீக்கிரம் தீரும் என்பதுதான் விலை. எனக்கு அது பரவாயில்லை, ரிமோட் மின்சாரம் அதிகம் குடிப்பதில்லை.

பேட்டரிப் பெட்டியையே கழற்றிப் பிடிக்குப் பக்கத்தில் மாற்றலாம். ஒயரை நீட்டும்போது சிவப்பு, கறுப்பு மாறாமல் பார்த்து, இணைப்பின் மேல் சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போடவேண்டும். ஏரியல் இருக்கும் முனைக்கு மட்டும் பேட்டரியைக் கொண்டுபோகாதீர்கள். எடை சரியாகும், ஆனால் கார் பாதித் தூரத்தில் நின்றுவிடலாம். எடை குறைக்கலாம் என்று இரண்டு செல்லுக்குப் பதில் ஒரு லித்தியம் செல்லைப் போடவும் வேண்டாம். இரண்டு செல்லின் 3 வோல்ட் இருந்த இடத்தில், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் ஏறும். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத லித்தியம் செல் குழந்தை கையில் இருக்கவே கூடாது.

கழுத்தில் மாட்டும் பட்டை ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. பெரிய ரிமோட் என்றால் முதலில் அதைச் செய்துபாருங்கள். பட்டை இழுபட்டால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கியோடு இருக்கவேண்டும், குறிப்பாகக் குழந்தைக்கு.

வழுக்குகிறது, அல்லது பிசுபிசுக்கிறது

வழுக்கினால் விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், இறுக்கினால் வலிக்கும். டென்னிஸ் மட்டையில் சுற்றும் கிரிப் டேப்பே போதும். அடியிலிருந்து மேலே, மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி சுற்றுங்கள். பேட்டரி மூடியையும் சேர்த்துச் சுற்றிவிடாதீர்கள்.

பிசுபிசுப்பு வேறு கதை. மெத்தென்ற பூச்சுள்ள பழைய ரிமோட்களில் அந்தப் பூச்சே சிதைந்து ஒட்டத் தொடங்கும். சோப்புத் தண்ணீரில் போகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் பூச்சு உருண்டு வந்துவிடும், அடியில் வெறும் பிளாஸ்டிக் தெரியும். நகப்பூச்சு நீக்கியைத் தொடாதீர்கள். அதில் உள்ள அசிட்டோன் ரிமோட்டின் உடலையே கரைக்கும்.

இடது கைக்காரருக்கு எல்லாம் தலைகீழாக இருக்கிறது

துப்பாக்கிப் பிடி ரிமோட் பொதுவாக இடது கையால் பிடித்து, வலது கையால் வீலைத் திருப்பும்படி செய்யப்படுகிறது. இடது கைக்காரர் சிலருக்கு இதுவே பழகிவிடும். பழகாதவருக்கு இதை மாற்றுவது பெரிய வேலை, வீலையும் பொட்டன்ஷியோமீட்டரையும் எதிர்ப்பக்கம் கொண்டுபோகவேண்டும். உடலில் இடம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். கொண்டுபோனபின் திருப்பும் திசை தலைகீழானால் பொட்டன்ஷியோமீட்டரின் மூன்று காலில் ஓரத்து இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டால் சரியாகும். நடுக்காலைத் தொடவேண்டாம்.

இரண்டு ஸ்டிக் ரிமோட்டில் இது எளிது. ஸ்டிக்கிலிருந்து போர்டுக்கு ஒயர் வருகிறது என்றால் இடம் மாற்றி ஈயம் வைத்தால் (சால்டர் செய்தால்) முடிந்தது. ஆனால் ஒரு ஸ்டிக் மேலும் கீழும், மற்றது பக்கவாட்டில் அசையும் என்பதால் ஸ்டிக்கின் இயந்திரப் பகுதியையும் 90 டிகிரி திருப்பவேண்டும். ஒயர் மட்டும் மாற்றினால் மேலே தள்ளும்போது கார் இடது பக்கம் திரும்பும். சுவிட்ச் நேராகப் போர்டிலேயே அமர்ந்திருந்தால் தடத்தை வெட்டி மெல்லிய எனாமல் கம்பியால் இணைக்கவேண்டும். கை பழகாதவர் முதல் வேலையாக இதை எடுக்கவேண்டாம்.

ஒரு கைதான் பயன்படும், அல்லது விரலால் அழுத்தவே முடியவில்லை

எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இது. விரல்களைத் தனித்தனியாக அசைக்க முடியாத குழந்தைக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. ஆனால் ஆன்–ஆஃப் ரிமோட்டாக இருந்தால் அந்தக் குழந்தை முழங்கையாலோ, தலையாலோ, காலாலோ அந்தக் காரை ஓட்டலாம்.

முதலில் தாங்கும் வேலையை முழுதாக எடுத்துவிடுங்கள். ரிமோட்டை ஒரு பலகையில் ஒட்டுப்பட்டையால் பொருத்தி, பலகையை மேசையிலோ சக்கர நாற்காலியின் தட்டிலோ இறுக்குங்கள். ஒரு கை மட்டும் பயன்படும் பெரியவர் பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

அதற்கு மேல் வேண்டுமானால் வெளிச் சுவிட்ச். ரிமோட்டில் உள்ள ஒவ்வொரு பட்டனும் இரண்டு புள்ளிகளை இணைக்கிறது, அவ்வளவுதான். அந்த இரண்டு புள்ளியிலிருந்தும் இரண்டு ஒயர் வெளியே கொண்டுவந்து ஹெட்ஃபோன் சொருகும் துளை போன்ற 3.5 மி.மீ. மோனோ ஜாக்கில் முடித்தால், பழைய பட்டனும் வேலை செய்யும், ஜாக்கில் சொருகும் சுவிட்ச்சும் வேலை செய்யும். உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்காகச் செய்யப்படும் பெரிய வட்டச் சுவிட்ச்கள் பெரும்பாலும் இந்த 3.5 மி.மீ. முள்ளோடுதான் வருகின்றன. அதனால் வேறு பொம்மைக்கு வாங்கிய சுவிட்ச்சும் இதற்குப் பொருந்தும்.

டேக்ட் சுவிட்ச் என்றால் அதன் கால்களிலேயே ஈயம் வைக்கலாம். நான்கு காலில் இரண்டிரண்டு உள்ளேயே இணைந்திருக்கும், அதனால் மூலைக்கு மூலை எதிரான இரண்டு காலை எடுத்தால் தவறே வராது. ரப்பர் குமிழ் வகையில் கார்பன் தடத்தின் மேல் ஈயம் ஒட்டாது, எவ்வளவு நேரம் சூடு காட்டினாலும் ஒட்டாது. அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்து போய், பச்சைப் பூச்சுக்கு அடியில் செம்பு இருக்கும் இடத்தில் பிளேடால் மெதுவாகச் சுரண்டி, அங்கே வையுங்கள். ஒயரை இழுத்தால் தடம் பெயர்ந்து வரும். எனவே உள்ளே ஒரு முடிச்சுப் போட்டு, ஹாட் க்ளூவால் உடலோடு ஒட்டிவிட்டுப் பிறகே மூடுங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி சுவிட்ச் முனைகளில் வெண்மையாகப் படியும். வெளியே போகும் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, ஒரு மீட்டருக்குள் வைத்தால் தேவையில்லாத சமிக்ஞை ஏறாது.

முதல் நாள் ஒரே ஒரு சுவிட்ச் மட்டும் கொடுங்கள்: முன்னே போவது. அழுத்தினால் கார் நகர்கிறது என்ற தொடர்பு பிடிபட்டபிறகு திருப்பும் சுவிட்ச்சைச் சேர்க்கலாம். அழுத்தியே வைத்திருக்க முடியாத குழந்தைக்காக, ஒரு முறை தட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும் சுவிட்ச் போடத் தோன்றும். மூடிய அறையில், வேகம் குறைந்த காரில், பக்கத்தில் ஒருவர் ரிமோட்டின் பவர் சுவிட்ச்சில் கை வைத்திருந்தால் மட்டும் அதைச் செய்யலாம். மற்ற எங்கும் முன்செலுத்தும் பட்டனைப் பூட்டாதீர்கள்.

மாற்றி முடித்தபின் வரும் கோளாறுகள்

மூடியைத் திறந்துவைத்தால் ஓடுகிறது, மூடினால் ஓடவில்லை. எனக்கு அதிகம் வந்தது இதுதான். ஒன்று, ஸ்க்ரூ இறங்கும் தூணுக்கும் போர்டுக்கும் நடுவில் ஒயர் நசுங்கியிருக்கும். ஒரு முறை பேட்டரியின் கறுப்பு ஒயர் இப்படி நசுங்கி, வெளியே நன்றாகத் தெரிந்தும் உள்ளே அறுந்திருந்தது, கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் போனது. இரண்டு, போர்டு அதன் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கியிருக்கும். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த ஸ்க்ரூவில் உயிர் வருகிறதோ அதன் அடியில்தான் கோளாறு.

ரிமோட்டைப் போட்டவுடன் கார் தானாக ஓடுகிறது. பேட்டரியைக் கழற்றி, மல்டிமீட்டரின் பீப் நிலையில் ஒவ்வொரு பட்டனின் இரு முனையையும் தொடுங்கள். அழுத்தாமலே பீப் என்றால், மூடியைத் தளர்த்தி மறுபடி பாருங்கள். பீப் நின்றால் பட்டன் உயரம் கூடிவிட்டது, நிற்காவிட்டால் ஈயம் பக்கத்துக் காலோடு ஒட்டியிருக்கிறது. டேக்ட் சுவிட்ச்சைக் கால் வளைத்துத் திசைமாற்றிச் சொருகியிருந்தாலும் இதே கதிதான், உள்ளேயே இணைந்த இரண்டு கால் சர்க்யூட்டை மூடிவிடும். அளவாகத் திரும்பும் வகை என்றால் முதலில் அணைத்துவிட்டு, ஸ்டிக்கைத் தொடாமல் மறுபடி போடுங்கள். போடும் நொடியில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும் ரிமோட்கள் உண்டு.

ஒரு திசை மட்டும் வேலை செய்யவில்லை. ரப்பர் குமிழ் வகையில் கார்பன் மேல் விரல் எண்ணெய் பட்டிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், உப்புத்தாள் போட்டால் கார்பனே போய்விடும். துடைத்தும் வரவில்லை என்றால் நீங்கள் வைத்த ஈயத்தைப் பாருங்கள். மங்கி, சொரசொரப்பாக, உருண்டையாக நிற்கும் இணைப்பை மறுபடி சூடாக்கவேண்டும்.

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது. ரிமோட்டைத் திறக்கும் முன் காரைக் கவிழ்த்துப் பாருங்கள். பல பொம்மைக் கார்களின் அடியில், முன்சக்கரங்களுக்கு நடுவே, நேராக்கும் சின்னத் திருகு இருக்கும். ரிமோட்டில் வேலை நடந்தபோது யாராவது அதை நகர்த்தியிருக்கலாம். அது சரி என்றால் ஸ்டிக் ஸ்பிரிங்கின் இரு காலும் ஒரே அளவு வளைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

தூரம் குறைந்துவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் ஏரியல் சுமார் 3 செ.மீ. ஒயராகவோ போர்டின் ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் தடமாகவோ இருக்கும். புதுப் பிடியால் விரல்கள் இப்போது அதன் மேல் வந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். அந்த அலையைக் கை நன்றாகவே உறிஞ்சும். அலுமினியத் தாள் டேப், கார்பன் ஃபைபர் துண்டு எதையும் அதன் அருகில் ஒட்டக்கூடாது. நீண்ட ஏரியல் உள்ள 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் ஏரியல் இடிக்கிறது என்று வெட்டிவிடாதீர்கள். அந்த அலையின் நீளம் சுமார் 11 மீட்டர், அந்தக் கம்பி ஏற்கெனவே தேவைக்குக் குறைவான நீளத்தில்தான் ஓடுகிறது. இடித்தால் சாய்த்துப் பொருத்துங்கள்.

எதுவுமே இல்லை, விளக்குக்கூட எரியவில்லை. பேட்டரி திசை, பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைத் துரு, நீட்டிய ஒயரின் நிறம், இந்த வரிசையில் பாருங்கள். விளக்கு எரிந்து கார் மட்டும் அசையாவிட்டால் ரிமோட்டையும் காரையும் மறுபடி இணைக்கவேண்டியிருக்கும். பெட்டியோடு வந்த தாளில் எதை முதலில் போடுவது என்று இருக்கும், அந்த வரிசையை அப்படியே பின்பற்றுங்கள்.

கடைசியாக மூடும்போது: பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். ஒரு சின்ன 'டக்' கேட்கும், பழைய மரையில் ஸ்க்ரூ விழும் சத்தம் அது. அதன்பிறகே இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டிக்கொண்டு, நாலாவது முறை ஸ்க்ரூ சும்மா சுற்றும். கைக்குப் பொருந்தும் வரை எப்படியும் நாலைந்து முறை திறக்கத்தான் போகிறீர்கள்.